ஒரே மாத்திரைக்கு ஏன் இத்தனை விலை? பில்லில் எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது?

நுகர்வோர் மேசை (கேள்வி):

எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகக் கொடுக்க, மருந்து விலை பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. பிரஷர், சுகர் என்று ஆயுள் முழுக்க மாத்திரை வாங்கும் குடும்பங்களுக்கானது. 2021-22 தேசிய நலவாழ்வுக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மருந்துக்குத்தான் போகிறது.

பிரஷருக்கான டெல்மிசார்டான் 40 மில்லிகிராமையே எடுத்துக்கொள்வோம். கன்டென்ட் ஒன்று, அளவு ஒன்று. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுகிறது. மக்கள் மருந்தகத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவு. விலைக் கட்டுப்பாடு இருக்கிறது என்கிறார்கள். இருந்தால் இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? இத்தனை கம்பெனிகள் போட்டி போட்டால் விலை இறங்க வேண்டாமா?

"அது நல்ல கம்பெனி, இது சுமார் கம்பெனி" என்ற அளவில் பதில் வேண்டாம். பணம் எந்தக் கையில் தங்குகிறது, வாங்குகிறவர் எந்த இடத்தில் என்ன கேட்கலாம் என்பதை விவரமாகச் சொன்னால் உதவும்.

மருந்தாளுநர் 63:

போட்டி இருக்கிறது. ஆனால் அது உங்களைக் கவர நடக்கும் போட்டி இல்லை. எந்த பிராண்டு என்று முடிவு செய்பவர் டாக்டர், பணம் கொடுப்பவர் நோயாளி. அதனால் கம்பெனி டாக்டரைக் கவரவும், கடையில் சரக்கை வைக்கவும் செலவு செய்கிறது. அந்தச் செலவு எம்.ஆர்.பி.க்குள் ஏறிவிடுகிறது. விலையைக் குறைத்தால் இந்தச் செலவுக்கு இடமில்லாமல் போகும், அதனால் விற்பனையே குறையும். மற்ற சரக்குகளில் மலிவானது ஓடும். இங்கே விலை கூடுதலாக உள்ளதுதான் பல நேரம் ஓடுகிறது.

கையில் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் பிராண்டு பெயர். அதற்கு மேலோ கீழோ "டெல்மிசார்டான் டேப்லெட்ஸ் ஐ.பி. 40 மி.கி." என்று இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது இந்த வரியைத்தான். ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தரநூலின்படி தயாரானது என்று பொருள். அடுத்து, தயாரித்தவர் பெயரையும் சந்தைப்படுத்துபவர் பெயரையும் பாருங்கள். பல அட்டைகளில் இரண்டும் வேறு வேறு. தயாரித்த இடம் இமாச்சலின் பத்தி (Baddi) என்றோ, உத்தராகண்டின் ஹரித்வார் என்றோ இருக்கும். ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு அதே மாத்திரையைச் செய்து கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அட்டையும் பெயரும் மாறும், விலையும் மாறும்.

மார்ஜின் கணக்கு: விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு மொத்த வியாபாரிக்கு 8, சில்லறைக் கடைக்கு 16 சதவீதம். பட்டியலில் இல்லாததற்கு வியாபார வழக்கப்படி 10, 20. கடையில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள் என்றால் இந்த 20-இலிருந்தும், "பத்து வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கம்பெனி தரும் ஆஃபரிலிருந்தும் வருகிறது.

50, 60 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருந்தால் அது வேறு கணக்கு. டாக்டர்களைப் போய்ப் பார்க்கும் கம்பெனிப் பிரதிநிதியை (ரெப்) வைத்து விற்காமல் நேரே கடைக்குத் தள்ளும் சரக்கு அது. டிரேட் ஜெனரிக் என்போம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கடைக்கு 15 ரூபாய்க்கு வரும் அட்டையில் எம்.ஆர்.பி. 90 என்று அச்சிட்டிருக்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் கடைக்கு 30 ரூபாய் நிற்கும். விவரம் தெரியாதவரிடம் 90-ஐ முழுதாக வாங்கினாலும் சட்டப்படி தப்பில்லை. ஜெனரிக் என்றாலே மலிவு என்று துண்டறிக்கையில் போட்டுவிடாதீர்கள். வாங்குகிற விலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளுபடி சதவீதம் ஒன்றையும் காட்டாது.

இன்னொன்றும் மக்களுக்குத் தெரிவதில்லை. சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால், அதே கன்டென்டில் மலிவானதை நாங்களாக மாற்றிக் கொடுக்க முடியாது. மருந்து விதிகளில் 65(11ஏ), அட்டவணை ஹெச் மருந்துகளுக்கு, அதாவது டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவற்றுக்கு, அதைத் தடுக்கிறது. அதனால் கவுண்டரில் வந்து "இதிலேயே விலை குறைவா கொடுங்க" என்று சண்டை போட்டுப் பலனில்லை. டாக்டர் அறையை விட்டு எழுவதற்கு முன்பே, "டாக்டர், மருந்துப் பெயரையும் சேர்த்து எழுதுங்க, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டு, அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே நோயாளி வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

விலைத் தாள்:

விலைக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்கிறேன். அதன் ஓட்டை சூத்திரத்திலேயே இருக்கிறது.

1995 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் தயாரிப்புச் செலவை வைத்து விலை கட்டினார்கள். 2013 ஆணை அதைக் கைவிட்டுச் சந்தை விலைக்கு மாறியது. இப்போதைய முறையில், குறைந்தது 1 சதவீதச் சந்தைப் பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்று எடுத்து, எளிய சராசரி கண்டு, 16 சதவீதம் கூட்டினால் உச்சவரம்பு. நான்கு பிராண்டுகள் 20, 40, 60, 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 50. அதோடு 16 சதவீதம் சேர்த்து 58. ஜி.எஸ்.டி. இதற்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு அது 5 சதவீதம், முன்பு 12. ஆக 60 ரூபாய் 90 காசுக்கு மேல் யாரும் விற்கக் கூடாது. 80 ரூபாய்க்காரர் இறங்கி வர வேண்டும், 20 ரூபாய்க்காரர் ஏற்றக் கூடாது. மாத்திரை செய்ய 5 ரூபாய் ஆனதா 15 ஆனதா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. ஏற்கனவே ஊதிப்போன விலைகளின் சராசரியும் ஊதித்தான் இருக்கும். கட்டுப்பாடு இருந்தும் வித்தியாசம் ஏன் என்ற உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: ஆணை உச்சியை மட்டும் வெட்டுகிறது. அதற்குக் கீழே யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அதன் வேலை இல்லை.

இந்த உச்சவரம்பும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும்தான். 2022 பட்டியலில் 384 மருந்துகள். அதுவும் குறிப்பிட்ட வடிவம், குறிப்பிட்ட அளவு. பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றில் அறிமுக விலையைக் கம்பெனியே வைக்கலாம். 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. ஆண்டுக்குப் பத்துப் பத்தாக எட்டு முறை தொடர்ந்து ஏற்றினால் விலை இரட்டிப்பைத் தாண்டும். எல்லாம் விதிக்கு உட்பட்டே. பட்டியலுக்குள் உள்ளவையும் மொத்த விலைக் குறியீட்டோடு ஏறும்: 2022 ஏப்ரலில் 10.76 சதவீதம், 2023-இல் 12.12, 2025-இல் 1.74.

கூட்டு மாத்திரைகளை நன்றாகக் கவனியுங்கள். சுகருக்கான மெட்பார்மின் பட்டியலில் இருக்கிறது, கிளிமிபிரைடும் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிய மாத்திரை பட்டியலில் இல்லை. தனி மருந்தை ஏற்கனவே தயாரிப்பவர் அதைக் கூட்டாக விற்கத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்திடம் சில்லறை விலைக்கு ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விதி உண்டு, ஆகவே முழுச் சுதந்திரம் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று டாக்டரிடமே கேட்பது நல்லது. சிலருக்கு ஒரே மாத்திரையாக இருந்தால்தான் மறக்காமல் போட முடியும். அதற்குக் கொடுக்கிற விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

சரிபார்க்க, அந்த ஆணையத்தின் "பார்மா சஹி தாம்" செயலியில் மருந்துப் பெயரைத் தட்டுங்கள். உச்சவரம்பு ஒரு மாத்திரைக்கு, வரி சேர்க்காமல் வரும். அட்டையில் 10 இருந்தால் பத்தால் பெருக்கி, 5 சதவீதம் கூட்டி, எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடுங்கள். 14, 15 மாத்திரை அட்டைகளைப் பத்து என்று நினைத்துப் பெருக்கித் தவறாகப் புகார் போடுவது நிறைய நடக்கிறது, துண்டறிக்கையில் எச்சரியுங்கள். தனி மாத்திரையாக வாங்கினாலும் அந்த விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

நுகர்வோர் மேசை:

இருவருக்கும் நன்றி. கடையில் வாங்குகிறவர் நான்கு கடை ஏறி இறங்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் என்ன செய்வார்? எங்களிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் டிஸ்சார்ஜ் பில் பற்றியவை. "எம்.ஆர்.பி.க்குத்தானே போட்டிருக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறார்களாம்.

பில் தணிக்கை:

எம்.ஆர்.பி.க்குப் போட்டிருப்பார்கள், உண்மைதான். அந்த எம்.ஆர்.பி. எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டில்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை விலை நிர்ணய ஆணையம் ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. கொள்முதல் விலைக்கு மேல் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரிந்தது. கொழுத்த லாபம் பட்டியல் மருந்துகளில் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்துகளிலும், சிரிஞ்ச், கேனுலா, கையுறை போன்ற ஒருமுறைப் பொருள்களிலும் இருந்தது. மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரி "விலையைக் குறை" என்று கேட்பதில்லை, "எம்.ஆர்.பி.யை ஏற்றி அடி, எனக்குக் குறைத்துக் கொடு" என்று கேட்கிறது. கம்பெனியும் ஆர்டருக்காக அப்படியே அடித்துக் கொடுக்கிறது. அந்த அறிக்கையே தயாரிப்பாளரைவிட ஆஸ்பத்திரிக்குத்தான் லாபம் அதிகம் என்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே சிரிஞ்சுக்கு ஆஸ்பத்திரிக்குள் ஒரு எம்.ஆர்.பி., வெளிக்கடையில் ஒரு எம்.ஆர்.பி. என்ற புகார், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் வரை போனது.

ஆன்டிபயாடிக் ஊசிகளில் இது துல்லியமாகத் தெரியும். மெரோபெனம் 1 கிராம் பட்டியலில் உண்டு, உச்சவரம்பு உண்டு. அதோடு சல்பாக்டம் சேர்ந்தால் பட்டியலில் இல்லை. ஐ.சி.யூ.வில் நாளுக்கு மூன்று முறை போடும் ஊசி. ஒரு வாரத்துக்கு 21 குப்பி. தேவை இருந்து போடுவது வேறு. தேவை என்ன என்று வீட்டார் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது: டிஸ்சார்ஜ் நாள்வரை காத்திருக்காமல் தினமும் இடைக்கால பில் கேளுங்கள், மருந்தக வரிகள் பிரித்துக் காட்டியதாக. வார்டில் வாங்கச் சொல்லித் தரும் சீட்டை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வையுங்கள். போடாமல் மீந்த ஊசி, டிரிப் செட் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே ரிட்டர்ன் போடச் சொல்லுங்கள். பணம் கட்டியபின் "ரிட்டர்ன் எடுப்பதில்லை" என்பார்கள். மருந்து பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி, கம்பெனி பெயர் இருக்க வேண்டும். "பார்மசி - 18,400" என்று ஒரே வரியில் வந்தால் ஏற்காதீர்கள். ஒன்றையும் சரிபார்க்க வழியில்லாமல் போவது அந்த ஒரு வரியால்தான்.

வெளியே வாங்க அனுமதிக்க மறுப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு பொதுநல வழக்கை முடித்தது. தடை எதுவும் போடவில்லை, கொள்கை முடிவை மாநில அரசுகளிடம் விட்டுவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனத்தில் மருந்தும் பரிசோதனையும் எங்கே என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் கையில் பிடித்த சட்டம் என்று அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்டின் கதையைத் துண்டறிக்கையில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் கட்டுப்பாடு வேலை செய்ததற்கு அதுவே நல்ல சான்று. மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி எம்.ஆர்.பி. 1.21 லட்சமாக இருந்தது. 2017 பிப்ரவரியில் 29,600 என்று உச்சவரம்பு வைத்தார்கள், பூசாததற்கு 7,260. சில கம்பெனிகள் உயர்ரக ஸ்டென்டுகளைத் திரும்பப் பெறுவோம் என்றபோது, ஆறு மாதம் முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதியைக் காட்டி நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் நிலவரம் 38,933 ரூபாய், வரி தனி. ஸ்டென்ட் விலை, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றை பில்லில் தனியே காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. பெட்டியில் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக் கோப்பில் ஒட்டி வையுங்கள். மூட்டு மாற்று உறுப்புக்கும் அதே 2017 ஆகஸ்டில் வரம்பு வந்தது: சாதாரண கோபால்ட் குரோமியம் வகை சராசரி 1.58 லட்சத்திலிருந்து 54,720 ஆனது.

லாபம் அதோடு போய்விடவில்லை, இடம் மாறுகிறது. பொருளுக்கு வரம்பு வைத்தால் "பேக்கேஜ்", "கேத் லேப்" (ஸ்டென்ட் வைக்கும் அறை) கட்டணம் ஏறுகிறது. அதற்கு வரம்பு இல்லை. அதனால் "ஸ்டென்ட் எவ்வளவு" என்று கேட்டால் போதாது. "ஸ்டென்ட் தவிர மொத்தம் எவ்வளவு" என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அவசரத்தில் வந்தவருக்கு இந்த வாய்ப்பில்லை, இது இந்த ஏற்பாட்டின் பெரிய அநியாயம்.

இன்சூரன்ஸ் இருப்பவர்களுக்கு ஒன்று. பாலிசியில் உள்ள வாடகை வரம்பைவிட உயர்ந்த அறை எடுத்தால் கிளெய்மை விகிதப்படி வெட்டுவார்கள். மருந்து, ஒருமுறைப் பொருள், இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகிய வரிகளில் அந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் தெளிவாக்கியிருக்கிறது. மொத்த பில்லிலும் வெட்டியிருந்தால் மறுபரிசீலனைக்கு எழுதுங்கள்.

தாமிரபரணி:

கேள்வி கேட்டவருக்கு ஒரு சேர்க்கை. வாங்குகிறவர் பெரியவராகவும், தேர்ந்தெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலை தொடங்கியது. பிராண்டு பெயர் கிடையாது. கன்டென்ட் பெயரில் டெண்டர், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கான பாஸ்புக். பேட்ச் வந்ததும் கம்பெனி பெயரை மறைத்துக் குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்குப் போகும். அரசு ஆஸ்பத்திரி அட்டையின் பின்பக்கம் "விற்பனைக்கு அல்ல" என்று இருக்கும், தயாரித்த ஊரைப் பாருங்கள். மேலே சொன்ன அதே தொழிற்பேட்டைகள்தான். ராஜஸ்தான் 2011-இல் இதைப் பார்த்துத்தான் இதே மாதிரி ஏற்பாட்டைத் தொடங்கியது.

ஆகவே மாத்திரை மலிவாகச் செய்ய முடியாத பொருள் இல்லை. பிரஷர், சுகர் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்க முடிகிற குடும்பத்திடம் அதை முதலில் சொல்லுங்கள். அடுத்தது மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம். தனியார் கடை அதற்குப் பிறகு. இலவசமாகக் கிடைப்பதில் தரம் இருக்காது என்று சொல்லிச் சொல்லியே மக்களை வெளியே துரத்தியிருக்கிறார்கள், அதில் எனக்குக் கோபம் உண்டு.

மருந்தாளுநர் 63:

தாமிரபரணி அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தரம் பற்றிய பயத்தை வெறும் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரம் தவறிய பேட்ச்களின் பட்டியலை மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் பெரிய பெயர்களும் வருகின்றன, சின்னப் பெயர்களும் வருகின்றன. எளிதில் கரையாத மருந்துகளுக்கு, ரத்தத்தில் அசல் மருந்துக்கு இணையாகச் சேர்கிறதா என்ற சோதனை 2017 ஏப்ரலில்தான் உரிமத்துக்குக் கட்டாயமானது. அதற்கு முன் உரிமம் வாங்கியவை சந்தையில் இருக்கின்றன.

சில மருந்துகளை விலைக்காக மாதாமாதம் மாற்றவே கூடாது: வலிப்புக்கான பெனிடாயின், தைராய்டுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின். இவற்றில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உடம்பில் தெரியும். மலிவான கம்பெனிக்கு மாறலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறி, அங்கேயே நிற்க வேண்டும். லெவோதைராக்சின் என்றால் மாறி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை, வார்ஃபரின் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை உடனடியாகவும் அடுத்தடுத்தும் பார்க்க வேண்டும். டெல்மிசார்டான், மெட்பார்மின் மாதிரியானவற்றில் இந்தத் தயக்கம் தேவையில்லை. வீட்டில் பிரஷர், சுகர் அளவு பார்த்துவந்தால் போதும்.

நுகர்வோர் மேசை:

கடைசியாக ஒன்று. வரம்புக்கு மேல் வாங்கியது உறுதியானால் யாரிடம் போவது? வாங்கியவருக்குப் பணம் திரும்புமா?

விலைத் தாள்:

இரண்டும் இரண்டு வழி, ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யே உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் தவறு கம்பெனியுடையது. விலை நிர்ணய ஆணையத்தின் "பார்மா ஜன் சமாதான்" தளத்தில் பதியுங்கள். பில், அட்டையின் இரு பக்கப் படம், பேட்ச் எண், அட்டையில் உள்ள மாத்திரை எண்ணிக்கை நான்கும் வேண்டும். கூடுதலாக வாங்கியதை 15 சதவீத வட்டியோடு வசூலிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் அரசுக் கணக்குக்குப் போகும், உங்களுக்கு வராது. கம்பெனி நீதிமன்றம் போனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனாலும் பதிய வேண்டும், ஏனென்றால் அடுத்த பேட்சில் விலை திருந்துவது இதனால்தான்.

அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் கடையோ ஆஸ்பத்திரியோ வாங்கியிருந்தால் மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார், நகலில் முத்திரை. பணம் திரும்ப வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதியுங்கள், பல அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பட்டியலில் இல்லாத மருந்தின் எம்.ஆர்.பி. ஆண்டுக்கு 10 சதவீத வரம்புக்குள் ஏறியிருந்தால் மேற்சொன்ன எந்த வழியிலும் ஒன்றும் நடக்காது. அப்படி வரும் பில்களைத் தூக்கிப் போடாமல் உங்கள் குழு தனிக் கோப்பில் சேர்த்து வைக்கட்டும்: மருந்து, கம்பெனி, தேதி, எம்.ஆர்.பி., அதே பேட்ச் வெளிக்கடையில் என்ன விலை. ஸ்டென்ட் பட்டியலில் ஏறியது டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஒருவர் போட்ட பொதுநல வழக்கைத் தொடர்ந்துதான். அடுத்த பட்டியல் திருத்தத்துக்கு எதைச் சேர்க்கச் சொல்வது என்று கேட்டு மனு எழுதும்போது இந்தக் கோப்புதான் கையில் இருக்க வேண்டும்.